கற்றல் விளைவுகளின் அடிப்படையில் கணிதம் கற்பித்தல்

கற்றல் விளைவுகளின் அடிப்படையில் கணிதம் கற்பித்தல் என்பது, ஒரு வகுப்பை முடிக்கும் மாணவர் கணிதத்தில் எவற்றைத் தாமே செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று கலைத்திட்டம் வரையறுக்கிறதோ அவற்றை இலக்காகக் கொண்டு பாடத்தைத் திட்டமிடுதல், நடத்துதல், மதிப்பிடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததாகும். "பாடம் முடிந்ததா?" என்ற கேள்விக்கு இம்முறையில் ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டைப் பார்த்து விடை சொல்ல முடியாது. மாணவரின் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை எந்த மாணவரும் தேர்ச்சியின்றி நிறுத்தப்படுவதில்லை. குழந்தைகள் இடைநிற்காமல் இருக்க இது பெரிதும் உதவுகிறது. ஆனால் 3ஆம் வகுப்பில் கழித்தலோ 5ஆம் வகுப்பில் வகுத்தலோ பிடிபடாத ஒரு மாணவர், அந்தக் குறையுடனேயே 9ஆம் வகுப்புக்கு வந்துவிடவும் இது இடம் தருகிறது. 10ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணிதம் கட்டாயப் பாடம். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலத்தை நீள் வகுத்தல் முறையில் காணச் சொல்லும்போது, எண்களையே வகுக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? குறை தோன்றிய வகுப்பிலேயே அதைக் கண்டறிந்து சரிசெய்வதுதான் கற்றல் விளைவுகளின் முதன்மையான பயன்.

சில சொற்களின் பொருள்

இத்துறையில் நான்கு சொற்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்புகின்றன.

கலைத்திட்டம் என்பது கல்வியின் நோக்கம், பாடங்கள், கற்பிக்கும் முறை, மதிப்பீடு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பெருந்திட்டம். பாடத்திட்டம் என்பது ஒரு வகுப்பில் ஒரு பாடத்தில் இடம்பெறும் தலைப்புகளின் வரிசை. பாடநூல் அந்தத் தலைப்புகளைக் கற்பிக்க உதவும் ஒரு கருவி. கற்றல் விளைவு என்பது கற்ற பின் மாணவரிடம் காணத்தக்க திறன்.

எடுத்துக்காட்டாக, "பின்னங்கள்" என்பது பாடத்திட்டத்தில் உள்ள ஒரு தலைப்பு. "அன்றாட வாழ்வுச் சூழல்களில் பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் தேவைப்படும் கணக்குகளைத் தீர்க்கிறார்" என்பது கற்றல் விளைவு. முதலாவதை "நடத்தி முடித்தேன்" என்று சொல்லலாம். இரண்டாவது நிறைவேறியதா என்பதை அறிய மாணவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

தமிழகத்தில் கணிதக் கல்விக்குத் தர அளவு வைப்பது புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பிப்பதே அளவாக இருந்தது. முழு எண் வாய்பாடுகளோடு அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களின் வாய்பாடுகளையும் மாணவர்கள் கற்றனர். ஒரு மா 1/20, ஒரு காணி 1/80, ஒரு முந்திரி 1/320. நிலம், நெல், கூலி, வட்டி ஆகிய கணக்குகளுக்கு இவை நேரடியாகப் பயன்பட்டன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், மாணவர்கள் ஆய்வாளரின் தேர்வில் பெறும் முடிவுக்கு ஏற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் இன்ன கணக்கு என்று வரையறை இருந்தது. மானியம் தேர்வு முடிவைச் சார்ந்திருந்தால், தேர்வில் வருவதை மட்டுமே நடத்தும் போக்கு உருவாவது இயல்பு. தர அளவு என்பது குழந்தைக்கு உதவும் கருவியா, பள்ளியைக் கண்காணிக்கும் கருவியா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது எனலாம்.

அண்மைக்கால மாற்றங்களில் முதன்மையானவை வருமாறு:

2005: தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வெளியானது. இதன் கணிதக் கற்பித்தல் குழுவுக்குச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ரா. இராமானுஜம் தலைமை வகித்தார். கணிதத்தைப் பற்றிய அச்சம், பெரும்பாலான மாணவர்கள் பங்கேற்காத நிலை, மேம்போக்கான மதிப்பீட்டு முறை, ஆசிரியர்களுக்குப் போதிய ஆயத்தம் இல்லாமை ஆகியவற்றை இக்குழு முக்கியச் சிக்கல்களாகக் கண்டது. குழந்தையின் சிந்தனையைக் கணித வழிப்படுத்துவதே கணிதக் கல்வியின் உயர் நோக்கம் என்று வலியுறுத்தியது.

2007-08: சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்ட இம்முறையில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அடுத்த படிக்குச் செல்லலாம்.

2010: கல்வி உரிமைச் சட்டம் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு சமச்சீர் கல்வி 1, 6ஆம் வகுப்புகளில் தொடங்கியது. அதற்கு முன் மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன.

2012-13: முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமாயின. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன.

2017: தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தொடக்கக் கல்விக்கான கற்றல் விளைவுகளை வகுப்பு வாரியாக, பாட வாரியாக வெளியிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளிலும் இவை சேர்க்கப்பட்டன.

2018-19 முதல்: தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வந்தன. கணித நூல்களில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் கற்றல் நோக்கங்கள் தரப்பட்டுள்ளன.

2022: கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் இயக்கம் சூன் மாதத்தில் தொடங்கப்பட்டது. 2023-24இல் இது 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கின்றனர்.

விளைவுகளின் ஏணி

கணிதத்தில் ஒவ்வொரு விளைவும் அதற்கு முந்தைய விளைவின் மேல் நிற்கிறது. வகுத்தலை எடுத்துக்கொண்டால் ஏணி தெளிவாகப் புலப்படும்.

2ஆம் வகுப்பில் பொருள்களைச் சம குழுக்களாகப் பிரித்து, மீண்டும் மீண்டும் கூட்டுகின்றனர். 3ஆம் வகுப்பில் 12இலிருந்து 3ஐ மீண்டும் மீண்டும் கழித்து, 12 ÷ 3 = 4 என்பதன் பொருளை விளக்க வேண்டும். 4ஆம் வகுப்பில் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள தொடர்பைப் பயன்படுத்துகின்றனர். 5ஆம் வகுப்பில் நீள் வகுத்தல் வருகிறது. 6ஆம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம் ஆகியவற்றுக்கு அதே வகுத்தல் தேவைப்படுகிறது. 9ஆம் வகுப்பில் எண்களின் இடத்தில் பல்லுறுப்புக்கோவைகள் வருகின்றன; படிமுறை மட்டும் மாறுவதில்லை.

6ஆம் வகுப்பில் விகிதம் புரியாத மாணவருக்கு விகிதத்தையே மூன்று முறை திரும்ப நடத்துவதால் பயன் குறைவு. அவர் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறார் என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வகுப்புகளுக்குக் கீழே உள்ள ஒரு படி உடைந்திருக்கும்.

பிழையைப் படித்தல்

மாணவர் நிற்கும் படியை அறிய மிக எளிய வழி அவருடைய தவறான விடையைப் படிப்பதாகும். 503 − 278 என்ற கணக்கை மூன்று மாணவர்கள் செய்ததாகக் கொள்வோம். சரியான விடை 225.

முதல் மாணவரின் விடை 375. இவர் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்: 8இலிருந்து 3 போக 5, 7இலிருந்து 0 போக 7, 5இலிருந்து 2 போக 3. இவருக்கு 503 என்பது ஓர் எண்ணாகத் தெரியவில்லை. மூன்று தனி இலக்கங்களாகவே தெரிகிறது. இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாம் மாணவரின் விடை 235. இவர் நூறுகளிலிருந்து கடன் வாங்கிப் பத்துகளின் இடத்தில் 10 வைத்தார். அதிலிருந்து ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்த பின், மீதம் 9 பத்துகள்தாம் என்பதை மறந்துவிட்டார். இவருக்கு இனமாற்றம் தெரியும். நடுவில் சுழியம் வரும்போது மட்டும் தடுமாறுகிறார். ஈர்க்குச்சிக் கட்டுகளைக் கொண்டு 5 நூறுகளை 4 நூறுகள், 9 பத்துகள், 10 ஒன்றுகள் என்று பிரித்துக் காட்டினால் ஒரு பாடவேளையிலேயே தெளிவு வரக்கூடும்.

மூன்றாம் மாணவரின் விடை 226. முறை முழுவதும் சரி. 13 − 8 என்பதில் மட்டும் 6 என்று எண்ணியிருக்கிறார். இவருக்குத் தேவை மனக்கணக்குப் பயிற்சி.

மதிப்பெண் பட்டியலில் மூவருக்கும் பூச்சியம். ஆனால் மூவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து "கழித்தல் கணக்கு பத்து போடு" என்றால் முதலாமவர் தம் தவறான முறையைப் பத்து முறை பயிற்சி செய்வார்.

அடிக்கடி காணப்படும் வேறு சில பிழைகள்:

618 ÷ 6 = 13. ஈவில் சுழியம் விடுபட்டுள்ளது. 600 ÷ 6 = 100 என்று முன்கூட்டியே மதிப்பிடும் பழக்கம் இருந்தால், விடை 100க்கு மேல்தான் வரவேண்டும் என்று மாணவரே கண்டுபிடிப்பார். சரியான விடை 103.

1/2 + 1/3 = 2/5. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியதால் வந்த பிழை. 2/5 என்பது அரையை விடக் குறைவு. "அரைப்படி அரிசியோட இன்னும் கொஞ்சம் கொட்டினா அரைப்படிக்குக் குறையுமாப்பா?" என்று கேட்டால் போதும், விடை பொருந்தவில்லை என்பது மாணவருக்கே தெரிந்துவிடும். சரியான விடை 5/6.

3 கிலோ 50 கிராம் = 3.50 கிலோ. தசமப் புள்ளிக்குப் பின் வரும் முதல் இடம் பத்தில் ஒரு பங்கு என்பது பதியவில்லை. 3 கிலோ 50 கிராம் என்பது 3.050 கிலோ, 3.50 கிலோ என்பது மூன்றரைக் கிலோ. தராசில் இவ்விரண்டுக்கும் இடையே 450 கிராம் வேறுபாடு உண்டு.

ஊர்க் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் பூ, நிலக்கடலை, பலா, தென்னை ஆகியவை பல குடும்பங்களின் வாழ்வாதாரம். இவ்வீடுகளின் பிள்ளைகள் பலர் விற்பனைக் கணக்கை வாயால் போடுவார்கள். அதையே எழுதச் சொன்னால் தயங்குவார்கள்.

வீட்டில் பறித்த மல்லிகை 3 கிலோ 250 கிராம். கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "மூணு கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு, கால் கிலோவுக்கு நூறு, மொத்தம் ஆயிரத்து முந்நூறு" என்று ஒரு மாணவர் உடனே சொல்லிவிடலாம். அவர் செய்தது 3.25 × 400 என்ற தசமப் பெருக்கல். எண்ணைப் பிரித்துப் பெருக்கியதால், பங்கீட்டுப் பண்பையும் பயன்படுத்தியிருக்கிறார். கமிஷன் நூற்றுக்குப் பத்து எனக் கொண்டால் 130 ரூபாய் கழிய, கைக்கு 1170 ரூபாய் வரும். இது 7ஆம் வகுப்பின் சதவீதப் பாடம்.

இங்கே ஆசிரியர் செய்ய வேண்டியது, மாணவர் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதி, அதன் கீழ் பாடநூல் முறையை எழுதி, இரண்டிலும் எந்த வரி எந்த வரிக்குச் சமம் என்று காட்டுவதாகும். பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் கருத்துகள் உருவாகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார். புளியங்கொட்டையிலிருந்து எண்கோட்டுக்கும், எண்கோட்டிலிருந்து சமன்பாட்டுக்கும் செல்லும் வழியும் அதுவே. பொருளோடு நின்றுவிட்டால் மாணவர் குறியீட்டுக்கு வரமாட்டார். குறியீட்டிலேயே தொடங்கினால் அதன் பொருள் அவருக்கு விளங்காது.

ஒரு பாடவேளைக்கான மாதிரித் திட்டம்

பல நிலை மாணவர்கள் உள்ள 5ஆம் வகுப்பில் வகுத்தலுக்கான 40 நிமிடப் பாடவேளையைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதல் 5 நிமிடம்: 8ஆம் வாய்பாட்டில் மனக்கணக்கு. "எட்டு எத்தனை முறை வந்தா ஐம்பத்தாறு?" என்பது போன்ற தலைகீழ்க் கேள்விகளும் வேண்டும்.

அடுத்த 10 நிமிடம்: அனைவருக்கும் ஒரே கேள்வி. "96 நெல்லிக்காய்களை 8 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை?" அவரவருக்குத் தெரிந்த வழியில் செய்யலாம்.

அடுத்த 15 நிமிடம்: குழுப் பணி. முதல் குழு புளியங்கொட்டைகளைக் கொண்டு 12 ÷ 4, 20 ÷ 5 ஆகியவற்றைச் செய்கிறது. இரண்டாம் குழு 96ஐ 80 + 16 எனப் பிரித்து வகுத்து, அதை நீள் வகுத்தலோடு ஒப்பிடுகிறது. மூன்றாம் குழுவுக்கு மீதியின் பொருள் பற்றிய இரு கேள்விகள்: 98 பேர் ஊருக்குச் செல்ல, ஒரு வேனில் 8 பேர் என்றால் எத்தனை வேன் வேண்டும்? 98 ரூபாய்க்கு 8 ரூபாய்ப் பேனா எத்தனை வாங்கலாம்? இரண்டிலும் ஈவு 12, மீதி 2. ஆனால் வேன் 13 வேண்டும். பேனா 12தான் கிடைக்கும்.

அடுத்த 5 நிமிடம்: ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் தாம் செய்த வழியைச் சொல்ல வேண்டும்.

கடைசி 5 நிமிடம்: ஒரே ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் செய்து கொடுக்க வேண்டும். மறுநாள் யார் எந்தக் குழு என்பதை இத்தாள்களே முடிவு செய்யும்.

குழுக்கள் நிலையானவையாக இருக்கக்கூடாது. வகுத்தலில் முதல் குழுவில் இருப்பவர் வடிவியலில் மூன்றாம் குழுவில் இருக்கலாம். "மெல்லக் கற்போர்" என்ற பெயர் ஆண்டு முழுவதும் ஒரு குழந்தையின் மேல் ஒட்டிக்கொண்டால், பிறகு கணக்கை விட அந்தப் பெயரே அதற்குப் பெரிய தடையாகிவிடும்.

மதிப்பீட்டின் இடம்

மதிப்பீட்டில் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். வளரறி மதிப்பீடு, கற்றல் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த நாள் பாடத்தை மாற்றியமைக்க உதவுவது. தொகுத்தறி மதிப்பீடு, பருவத்தின் முடிவில் கற்றவற்றைத் தொகுத்து அளவிடுவது.

இவ்விரண்டுக்கும் அப்பால் தேசிய அளவிலான ஆய்வுகள் உள்ளன. தேசிய அடைவு ஆய்வு 2017 நவம்பர் 13 அன்று 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கும், 2021 நவம்பர் 12 அன்று அவற்றோடு 10ஆம் வகுப்புக்கும் நடைபெற்றது. 2024 டிசம்பர் 4 அன்று பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண் என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடைபெற்றது. இவை தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் நடக்கும் மாதிரி ஆய்வுகள். மாவட்டத்தின், மாநிலத்தின் நிலையை அறியவே இவை உருவாக்கப்பட்டவை. தனி ஒரு மாணவருக்கோ ஆசிரியருக்கோ மதிப்பெண் இடுவதற்கு அல்ல.

விமர்சனங்களும் வரம்புகளும்

கற்றல் விளைவுகள் கணிதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துவிடுகின்றன என்பது முதல் விமர்சனம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் செய்யத் தெரிந்த மாணவர், எந்தக் கணக்குக்கு எதைப் பயன்படுத்துவது என்று தெரியாமல் நிற்கலாம். ஊகித்தல், காரணம் கூறுதல், வேறு வழி தேடுதல் ஆகியவை பட்டியலில் எளிதில் அடங்குவதில்லை. எனவே ஒவ்வொரு வாரமும் ஒரு புதிர்க் கணக்காவது இருக்க வேண்டும்.

பதிவுச் சுமை இரண்டாவது. "அடைந்தார்", "அடையவில்லை" என்று படிவங்களிலும் செயலிகளிலும் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்றால், பழைய மானிய முறையின் குறையே புதிய வடிவில் திரும்பி வந்ததாகும். ஆய்வுக்கு வருபவருக்காகப் பச்சை நிறமிடப்பட்ட கட்டத்தால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது, ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளின் விளைவுகளையும் இருவரே கவனிக்க வேண்டும். அங்கே பாடநூலை வகுப்பு வாரியாக நடத்துவதை விட, விளைவுகளின் ஏணியைக் கொண்டு நிலை வாரியாக நடத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

மாணவர்கள் தாமே செய்யத்தக்கவை

கற்றல் விளைவுகள் ஆசிரியருக்கு மட்டும் உரியவை அல்ல. உயர்நிலை வகுப்பு மாணவர்கள் பின்வருவனவற்றைத் தாமே செய்யலாம்.

1. இயலைத் தொடங்கும் முன், அதன் முதற்பக்கத்தில் உள்ள கற்றல் நோக்கங்களைப் படித்து, எவை ஏற்கெனவே தெரியும் என்று குறித்துக்கொள்ளுதல்.

2. எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்ததும் நூலை மூடிவிட்டு அதையே செய்து பார்த்தல். பார்த்துப் புரிவதும் பார்க்காமல் செய்வதும் வேறு வேறு திறன்கள்.

3. விடை காணும் முன் தோராயமாக மதிப்பிட்டு எழுதுதல்.

4. பிழை நோட்டு ஒன்று வைத்தல். தவறிய கணக்கை அழிக்காமல், எந்த வரியில் தவறியது, ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதுதல்.

5. ஒரு தலைப்பு புரியவில்லையெனில், கீழ் வகுப்புப் பாடநூலில் அதே தலைப்பைத் தேடிப் பார்த்தல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 9ஆம் வகுப்பு மாணவர் 6ஆம் வகுப்பு நூலைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. தான் கற்றதை வேறொருவருக்குச் சொல்லிக் கொடுத்தல். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறோமோ அங்கேதான் நமக்கே தெளிவு இல்லை என்று பொருள்.

பெற்றோரும் உதவலாம். "எத்தனை மார்க்?" என்பதோடு நிற்காமல், "இந்தக் கணக்கை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையைக் கேட்கலாம். விளக்கம் சரியா தவறா என்று தெரியாத பெற்றோரும் இதைக் கேட்கலாம். கேட்பதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.